புற்றுக்குள் ஒரு விருந்தாளி

மதுராந்தகம் என்றதும் ஊரார் அனைவருக்கும் ஏரி நினைவுக்கு வரும். நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கோ அதற்குச் சற்றுத் தெற்கே, அச்சிறுபாக்கத்துக் குன்றின்மேல் வீற்றிருக்கும் மழை மலை மாதாவின் திருத்தலமே முதலில் நினைவில் எழும். கடந்த ஐப்பசியில் நாமும் அவ்வன்னையைத் தரிசிக்கவே புறப்பட்டோம். ஆயினும் வீடு திரும்பியபோது நம் உள்ளத்தை நிறைத்திருந்தவை ஏரியும் குன்றும் அல்ல. ஒரு சிற்றூரின் ஆலய வளாகத்தில் நின்ற மண்புற்றும், அதனுள் நாம் கண்டும் காணாமலும் போன ஒரு சிறு வண்டுமே நம்மை விடாது பற்றிக்கொண்டன. அதைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை.

செங்கற்பட்டைக் கடந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. இருபுறமும் நெல் வயல்கள், வரப்புகளில் பனைகள், தொலைவில் வெயிலில் காய்ந்து கறுத்த கற்குன்றுகள். சிறிது நேரத்தில் ஏரிக்கரை சாலையோடு சேர்ந்து ஓடத் தொடங்குகிறது. மதுராந்தகன் என்பது சோழ மன்னர் சூடிய பட்டப்பெயர். மதுரைக்கு எமன் என்பது அதன் பொருள். பாண்டிய நாட்டு வாசகர்கள் பொறுத்தருள்க! அப்பெயரால் விளங்கும் ஊரின் ஏரியைக் காத்தவர் இராமபிரான் என்பது இங்குள்ள இந்துப் பெருமக்களின் நம்பிக்கை. கும்பினி ஆட்சியில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர், 1798-ஆம் ஆண்டு பெருமழை இரவில், உடையவிருந்த கரையின்மேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்று சொல்வார்கள். ‘ஏரி காத்த இராமர்’ என்ற திருப்பெயர் அங்ஙனம் வழங்குகிறது.

அதே 1798-ஆம் ஆண்டோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் இவ்வட்டாரத்துக்கு உண்டு. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில், மழைக்காலத்தில் நீரில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதை உழவர்கள் பல தலைமுறைகளாகவே அறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் கவுல் அவ்வாண்டில் கிடைத்தது. பறவைகளுக்காகக் குடியானவர்கள் அரசிடம் சீட்டு வாங்கிய ஊர் உலகில் வேறு எத்தனை இருக்கும்? நாம் சென்றபோது பறவைகளின் பருவம் முழுமையாகத் தொடங்கவில்லை. ஆகவே வேடந்தாங்கலில் நாம் நெடுநேரம் தங்கவில்லை.

மாதாவின் குன்றில் செபமாலை சொல்லி இறங்குகையில் வானம் இருண்டுவிட்டது. மழை வேண்டி மன்றாடுவோர் நாடிவரும் மலையிலேயே மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஓடினோம் என்பதைச் சிரிப்போடுதான் எழுதுகிறோம். நம்மோடு குருமடத்தில் சில ஆண்டுகள் படித்த நண்பர் ஒருவர் அவ்வட்டாரத்தில் பங்குச் சுவாமியாராக இருக்கிறார். அவருடைய கிளைப்பங்கு ஒன்றில் அன்றிரவு தங்க நேர்ந்தது. ஓட்டுக் கூரை வேய்ந்த சிற்றாலயம். பக்கத்தில் உபதேசியாரின் வீடு. முன்னால் லூர்து மாதா கெபி. மழை சற்று ஓய்ந்ததும் கெபியின் விளக்கைச் சுற்றி ஈசல்கள் புகைபோல எழுந்தன. உபதேசியாரின் பேரப்பிள்ளைகள் அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து ஈசல் பிடித்தார்கள். அரிசியோடு வறுத்த ஈசலை நமக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார் வீட்டு அம்மாள். “எங்க ஊர் முந்திரிப் பருப்பு, சாப்பிடுங்க” என்றார். சுவை நன்றாகவே இருந்தது.

ஈசல்கள் எங்கிருந்து வந்தன என்பது விடிந்த பிறகே தெரிந்தது. ஆலயத்தின் வடகிழக்கு மூலையில், ஒரு வேப்பமரத்தடியில், ஆளுயரப் புற்று ஒன்று நின்றது. செம்மண்ணால் ஆனது, பல கூம்புகளாகப் பிரிந்து, சிறு கோபுரங்களின் கூட்டம்போல் தோன்றியது. அதன் அடியில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஒரு முட்டை ஓடும் இருந்தது.

அந்த மஞ்சளும் குங்குமமுமே வழக்காக வளர்ந்திருந்தன. ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் பங்கு மக்கள் பணம் திரட்டியிருந்தார்கள். சுவர் நேராகச் செல்ல வேண்டுமாயின் புற்றை இடித்தாக வேண்டும். அண்டை வீட்டு இந்து மூதாட்டி ஒருவர் வெள்ளிதோறும் அதற்குப் பால் ஊற்றி வருகிறார். “நம் ஆலய மண்ணில் புற்று வழிபாடா?” என்று இளைஞர்கள் கொதித்தார்கள். ‘இடித்தால் தலைமுறை தலைமுறையாக உறவு கொண்டாடும் அயலார் மனம் புண்படும்’ என்று முதியவர்கள் அஞ்சினார்கள். சுவாமியாரோ இரு தரப்புக்கும் நடுவில் திகைத்து நின்றார். போதாக்குறைக்குப் பூசைப்பொருள்கள் வைக்கும் அறையின் அலமாரியைக் கறையான் அரித்திருந்தது. குற்றவாளி இப்புற்றுத்தான் என்று கோயிற்பிள்ளை உறுதியாகச் சொன்னார்.

முந்திய வாரம் பொறுமையிழந்த இளைஞர் சிலர் கடப்பாரையால் புற்றின் ஒரு பக்கத்தைப் பெயர்த்தும்விட்டார்கள். சுவாமியார் தடுத்ததால் அத்தோடு நின்றது. அந்த உடைந்த வாய் வழியாகவே நாம் புற்றின் உட்புறத்தைப் பார்க்க முடிந்தது.

பார்க்கச் சொல்லித் தந்தவர் ஓர் இருளர் பெரியவர். செங்கற்பட்டுச் சீமையின் வயல்வெளிகளில் எலியும் பாம்பும் பிடித்துப் பிழைத்துவந்த பழங்குடி மக்கள் இவர்கள். பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை எடுத்து மருந்துக்குத் தரும் கூட்டுறவுச் சங்கத்தை 1978-இல் தொடங்கி, மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் நடத்திவருபவர்களும் இவர்களே. பெரியவர் புற்றின் முன் குந்தி அமர்ந்தார். விரலால் ஒரு சுவரைத் தட்டினார். உள்ளிருந்து மெல்லிய சலசலப்பு எழுந்தது. “சிப்பாய்ப் பூச்சி தலையால இடிக்குதுங்க சாமி, ஆள் வந்திருக்குன்னு சொல்லுது” என்றார். நூலறிவால் நாம் அறிந்திருந்ததை அவர் காதறிவால் அறிந்திருந்தார். படைக் கறையான்கள் ஆபத்தைக் கண்டால் தலையைத் தரையில் மோதி அதிர்வெழுப்பும் என்பது உண்மை. அவற்றுள் வேலைசெய்யும் கூட்டமும் போரிடும் கூட்டமும் குருடு; மணத்தாலும் அதிர்வாலுமே அவை உலகை அறிகின்றன.

உடைந்த வாய்க்குள் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டி ஒன்று தெரிந்தது. அதன்மேல் கடுகினும் சிறிய வெண்ணிற மணிகள். அது காளான் தோட்டம். கறையான் மரத்தையும் சருகையும் தின்னும். ஆயினும் அவற்றைத் தானே முழுதும் செரிக்க அதனால் இயலாது. தின்றதைக் கழித்து, அக்கழிவால் அறைகட்டி, அதில் ஒருவகைக் காளானை வளர்க்கிறது. காளான் அதைப் பக்குவப்படுத்தித் தர, கறையான் உண்கிறது. மழைக்குப்பின் புற்றின்மேல் குடைவிரிக்கும் புற்றுக்காளான் இத்தோட்டத்தின் பூவேயாகும். மனிதன் ஏர் பிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின. இவ்வுழவு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக நடந்துவருவதாக அறிஞர் கணிக்கிறார்கள்.

உபதேசியாரின் வாசிப்புக் கண்ணாடியைக் கடன் வாங்கி அத்தோட்டத்தை உற்றுநோக்கினோம். வெண்மணிகளுக்கிடையே செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. கறையான் அன்று, கறையானின் தலையளவுகூட இல்லை. ஆமையோட்டைக் குறுக்கி வைத்தாற்போல் வழவழப்பாக இருந்தது. “இது என்ன பெரியவரே?” என்றோம். “அதுவும் உள்ள குடியிருக்குதுங்க. பேரு தெரியாது. கறையான் ஒண்ணும் செய்யாது அதை” என்றார். நாம் கையை நீட்டுமுன் அது ஒரு துளைக்குள் நழுவி மறைந்தது. அரைமணி நேரம் காத்திருந்தோம், மீண்டும் வரவில்லை. அது வண்டுதானா, எந்த வண்டு என்று நாம் துணிந்து கூற இயலாது. ஆயினும் அக்கணத்தில் நம் நினைவு ஒரு துறவியிடம் சென்றது.

‘கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். பாம்பு குடிபுகுவதற்கு முன்பே, கறையான்கள் உயிரோடு வாழும்போதே, அவற்றின் அறைகளிலேயே குடிபுகும் வேறு உயிர்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பெயரிடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் எரிக் வாஸ்மன் அடிகளார். 1859-இல் இன்றைய இத்தாலியின் வடகோடியிலுள்ள மெரானோ நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி இயேசு சபையாரை நாடு கடத்தியிருந்த காலத்தில், ஹாலந்து நாட்டில் அடைக்கலம் பெற்றிருந்த சபையில் 1875-இல் சேர்ந்தார். இளமையிலேயே நுரையீரல் நோய் அவரைத் தளர்த்தியது. தொலைதூர மறைபரப்புப் பணிக்குச் செல்லும் உடல் வலிமை அவருக்கு இல்லை. மடத்தின் தோட்டத்தில் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது வீண்போகவில்லை.

எறும்புக் கூட்டிலும் கறையான் கூட்டிலும் வாழும் அயல் உயிர்களை அவர் வகைப்படுத்தினார். சில திருடர்களைப்போல் ஒளிந்து வாழும். கண்டால் கூட்டத்தார் விரட்டுவர். சிலவற்றை அவர்கள் பொருட்படுத்துவதே இல்லை. இன்னும் சிலவோ உண்மையான விருந்தாளிகள். அவற்றின் உடலில் உள்ள மயிர்க்கற்றைகளிலிருந்து சுரக்கும் நீரை எறும்புகள் ஆசையோடு நக்கும். அதற்கு மயங்கித் தம் வாயுணவை ஊட்டும். தம் குஞ்சுகளைப் புறக்கணித்து வண்டின் புழுக்களை வளர்க்கும். இறுதியில் கூடே அழியும். விருந்தோம்பலில் தலைசிறந்த தமிழர்க்கும் சற்றே அச்சமூட்டும் செய்தி இது!

வாஸ்மன் அடிகளார் இந்தியாவைக் கண்டவரல்லர். ஆனால் பம்பாய் மிஷன் அக்காலத்தில் ஜெர்மானிய இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. அகமதுநகர்ப் பகுதியில் மறைப்பணி ஆற்றிய ஹைம் அடிகளார், கிராமங்களைச் சுற்றிவரும் வேளையில் கறையான் புற்றுகளைத் தோண்டி, உள்ளே கண்ட சிற்றுயிர்களைச் சிறு குப்பிகளில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1899-இல் அவற்றுள் ஒன்றை வாஸ்மன் புதிய இனமாக விவரித்து வெளியிட்டார். அதற்கு அதுவரை பேரினப் பெயரே இல்லாதிருந்தமையால் புதுப் பேரினம் ஒன்றையும் வகுத்து, ‘டெர்மிட்டோடிஸ்கஸ் ஹெய்மி’ எனப் பெயரிட்டார். கறையான்களிடையே வாழும் வட்டு என்பது முதற்சொல்லின் பொருள். அனுப்பிய துறவியின் பெயரே இரண்டாம் சொல். தலையும் காலும் உணர்கொம்பும் ஓட்டுக்கடியில் மறைந்துவிடும் உருவம். படைக் கறையானின் தாடை எங்கே பற்றும்? வழுக்கிவிடும். அன்று காலை நாம் கண்ட செம்பழுப்புத் துளியும் அவ்வடிவத்தையே நினைவூட்டியது. இவ்வண்டு நம் செங்கற்பட்டு மண்ணில் உண்டு என்று நாம் கூறவில்லை. இதன் கூட்டாளிகளாகிய காளான் வளர்க்கும் கறையான்களின் உறவினர் இங்குள்ளனர் என்று மட்டும் கூறுவோம்.

பின்னர் இந்தியக் கறையான் கூடுகளிலிருந்து மற்றொரு வண்டு அவர் மேசைக்கு வந்தது. அதுவே நம் கதையின் நாயகன். மண்ணுக்கடியில் படைபடையாகச் சென்று கண்ட உயிரையெல்லாம் சூறையாடும் எறும்பினம் ஒன்று உண்டு. அறிவியலார் அதனை டோரிலஸ் என்பர். ஆப்பிரிக்காவில் அப்படையெறும்புகளோடு வாழும் சிறு வண்டுகள் இருக்கின்றன. அவற்றின் பேரினப் பெயர் ‘டோரிலோக்சீனஸ்’, அதாவது டோரிலஸ் எறும்பின் விருந்தாளி. ஓயாது பயணம் செய்யும் படையோடு நடந்து செல்ல இவ்வண்டுகளால் இயலாது. எறும்பின்மேல் ஏறிச் சவாரி செய்கின்றன. அதற்கேற்பக் காலில் நகங்கள் மறைந்து, பாதம் குறுகி, ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் கருவியாகவே மாறியிருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த வண்டும் அதே பேரினம். அதே சவாரிப் பாதம். ஆனால் அது கிடைத்த இடமோ கறையான் கூடு! கறையானோ ஊர் ஊராகப் படையெடுப்பதில்லை. அங்கே ஏறிச் செல்லக் குதிரையே இல்லை. குதிரை இல்லாத வீட்டில் சேணம் மட்டும் எதற்கு?

வாஸ்மன் பல நாள் சிந்தித்தார். ஒரே விடைதான் பொருந்தியது. இவ்வண்டின் மூதாதையர் படையெறும்புகளின் விருந்தாளிகளாக இருந்திருக்க வேண்டும். எறும்புப் படை கறையான் புற்றைச் சூறையாட வந்தபோது சில வண்டுகள் அங்கேயே தங்கிவிட்டன, தலைமுறைகள் கடந்தன, வண்டுகள் புதிய வீட்டுக்கு உரியவை ஆயின. பாதம் மட்டும் பழைய வாழ்வின் சாட்சியாக எஞ்சி நிற்கிறது. ஆகவே அவர் அவ்வினத்துக்கு ‘டிரான்ஸ்ஃபூகா’ எனப் பெயரிட்டார். நம் குருக்கள் பழைய பூசைப் புத்தகத்தில் ஓதிய அதே இலத்தீனில் அதற்குக் கட்சி மாறி ஓடியவன் என்று பொருள்.

பெயர் வேடிக்கையானது, அதன் விளைவோ பெரிது. ஓர் இனம் தொடக்கத்திலிருந்தே இன்றுள்ளபடியே படைக்கப்பட்டது என்று கொண்டால் இப்பாதத்துக்கு விளக்கம் இல்லை. இனங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற கொள்கையை விலங்குலகில் ஏற்றாக வேண்டும் என்று அவ்விறையடியார் 1904-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அக்காலத்தை எண்ணிப் பாருங்கள்! ஒருபுறம் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் போன்றோர், பரிணாமத்தைக் காட்டிக் கடவுள் இல்லை என்று முழங்கினார்கள். மறுபுறம், பக்தியுள்ள பலர் பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்கள். இருதரப்பாரும் வாஸ்மனை ஐயத்தோடு நோக்கினர். 1907 பிப்ரவரியில் அவர் பெர்லின் நகருக்குச் சென்று மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். நான்காம் கூட்டம் விவாதம். லுட்விக் பிளாட்டே என்ற பேராசிரியரும் அவரைச் சார்ந்த அறிஞர் பலரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து எதிர்த்தனர். நோயால் மெலிந்த துறவி தனியொருவராக நின்று விடையளித்தார். இனங்கள் மாறுகின்றன என்பது என் கண்கண்ட சான்று. படைத்தவர் இல்லை என்பதற்கு எந்த வண்டும் சான்றாகாது என்பதே அவர் நிலையின் சாரம்.

மனிதனின் உடலைப் பற்றி மட்டும் அவர் தயங்கினார்; சான்று போதாது என்றார். அத்தயக்கத்தை இன்று சிலர் குறை கூறுவர். நமக்கோ அது நேர்மையாகவே தோன்றுகிறது: வண்டைப் பற்றித் தாம் கண்டதைச் சொன்னார், காணாததைச் சொல்லவில்லை. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர் ஆராய்வதைத் திருச்சபை தடைசெய்யவில்லை என்று சுற்றுமடலில் எழுதினார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என ஏற்றார். வாஸ்மன் 1931-இலேயே ஹாலந்தின் வால்கன்பர்க் மடத்தில் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

இத்தகைய துறவிகள் நம் தமிழகத்துக்கும் அந்நியர் அல்லர். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை நம் வாசகர் பலர் பார்த்திருப்பீர்கள். மதுரை மிஷனில் உழைத்த காஸ்தே அடிகளாரின் பெயரை, சாணத்தின் அடியில் மண்ணைக் குடைந்து வாழும் வண்டு ஒன்று இன்றும் தாங்கியிருக்கிறது. கல்லறையில் பொறித்த பெயர் மழையில் கரையும். வண்டுக்கு இட்ட பெயர் நூல்களில் நிற்கும்.

புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிது. அதைப் புதியது என்று நிறுவுவதே கடினம் என்பர். குப்பியில் சாராயத்தில் இட்ட வண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். வாயுறுப்பையும், ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் ஊசிமுனையால் பிரித்து வரைய வேண்டும். பின்னர், இதற்கு முன் பெயரிடப்பட்ட உறவினங்கள் அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். அவற்றின் மூலச் சான்றுருக்களோ பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களின் காட்சியகங்களில் உறங்குகின்றன. வாஸ்மனின் வண்டுகளைக் காண வேண்டுமாயின் ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கே செல்ல வேண்டும். வேறுபாடு உறுதியானபின் பேரினப் பெயரும் சிறப்புப் பெயருமாக இரண்டு சொற்களில் பெயரிட்டு, விவரத்தை அச்சேற்றி, எந்த ஒரு வண்டைக் கொண்டு விவரித்தோமோ அதனையே என்றைக்குமான சான்றாகப் பொதுக் காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் இப்பணியைச் செய்கிறது. அதன் தென்மண்டல நிலையம் சென்னையில், புனித தோமையாரின் கல்லறை உள்ள அதே சாந்தோமில்தான் இருக்கிறது. திருயாத்திரை செல்வோரில் எத்தனை பேர் அப்பலகையைப் பார்த்திருப்போம்?

இப்பணி இன்னும் முடியவில்லை. 2012-இல் ஜப்பானிய அறிஞர் முனெத்தோஷி மாருயாமா, கம்போடியாவின் கறையான் கூட்டில் கண்ட ஒரு வண்டை விவரித்தார். நீளம் 1.2 மில்லிமீட்டர், கண்ணில்லை, பறக்கும் சிறகும் இல்லை. ஆனால் முதுகோட்டின்மேல் சிறு சிறகுகளைப்போல் இரு புடைப்புகள்! உரோமானியரின் காதற்குழந்தையை நினைத்து அதற்குக் ‘கியூபிடோ’ என்று பெயரிட்டார். இருளில் பிறந்து இருளில் மடியும் உயிருக்கு அச்சிறகு எதற்கென்று எவரும் அறியார்.

முதல் மனிதனிடம் உயிர்களையெல்லாம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று இறைவன் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தொடக்க நூல் கூறுகிறது. அன்று காலை திருப்பலிக்குப்பின், கெபியின் முன் அமர்ந்து இவற்றையெல்லாம் அவ்வூர் மக்களுக்குச் சொன்னோம். கடப்பாரை எடுத்த இளைஞருள் ஒருவர் எழுந்தார். “ஐயா, அப்படியானால் ஒரு குருவானவரே பரிணாமத்தை ஒப்புக்கொண்டாரா? கல்லூரியில் எங்கள் ஆசிரியர் பரிணாமம் பேசும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேனே!” என்றார். அவர் குரலில் மகிழ்ச்சியா வருத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. சுவாமியார் அவர் தோளில் கைவைத்து, “நாளை நூலைத் தருகிறேன், வாசி” என்றார்.

பால் ஊற்றும் மூதாட்டியும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “பாட்டியம்மா, நீங்கள் பால் ஊற்றினால் உள்ளே தோட்டம் அழுகிவிடும்” என்று உபதேசியார் சொன்னார். மூதாட்டி சிறிது யோசித்து, “அப்ப மஞ்சளை மட்டும் எங்க வீட்டுப் பக்கமா வெச்சுக்கறேன் தம்பி” என்றார். வழக்கு முற்றும் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். மஞ்சள் எப்பக்கம் இருந்தாலும் மஞ்சளே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்கள் கவலையை எளிதில் தள்ளிவிடவும் முடியாது.

கொத்தனார் நூற்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருந்தார். “சாமி, முளையை எங்க அடிக்கட்டும்?” என்று கேட்டார். சுவாமியார் புற்றைச் சுற்றி நடந்தார். வேப்பமரத்தின் வேரைப் பார்த்தார். நான்கடி உள்ளே தள்ளி நின்று, “இங்கே அடி, சுவர் வளைந்து போகட்டும்” என்றார். கூடுதலாக எத்தனை கல் ஆகும் என்று கொத்தனார் கணக்கிடத் தொடங்கினார். உபதேசியார் நெற்றியைச் சுருக்கினார்; பங்கின் பணப்பெட்டிச் சாவி அவரிடமே இருக்கிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிச் சுவாமியார் எழுதிய கடிதம் வந்தது. அரிக்கப்பட்ட அலமாரியை அகற்றிவிட்டு இரும்பு அலமாரி வாங்கியிருக்கிறார்களாம். சுவர் எழுந்துவிட்டதாம்; வளைவைப் பார்த்துப் பக்கத்துப் பங்கார் சிரிக்கிறார்களாம். உடைந்த வாயைக் கறையான்கள் பன்னிரண்டே நாளில் ஈரமண்ணால் பூசி மூடிவிட்டனவாம். கல்லூரி இளைஞர் மட்டும் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்குப் புற்று எப்போது வாய் திறக்கும் என்று நாள்தோறும் வேப்பமரத்தடிக்குப் போய் வருகிறாராம்.